மின்மிதிவண்டியும் எழில்வழிகளும்

நுழையும்முன்

பதினோராம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் மாணவர் பலருக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி வந்துசேர்கிறது. வீட்டிற்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட தொலைவை அது சுருக்குகிறது. அதே மிதிவண்டியில் சிறிய மின்மோட்டாரும் மின்கலமும் இணையும்போது, மேடும் எதிர்க்காற்றும் முதுமையும் அடைத்துவைத்த வழிகள் மீண்டும் திறக்கின்றன. உலகின் மூன்று திசைகளில் அமைந்த மூன்று எழில்வழிகளின் வாயிலாக, மனித உழைப்பும் மின்விசையும் கைகோக்கும் பயணத்தை விளக்குகிறது இப்பாடம்.

ஆறு என்னும் சொல்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு நீர் ஓடும் ஆறு என்பதும் மக்கள் நடக்கும் வழி என்பதும் பொருள்களாகும். நீர் தனக்கேற்ற சரிவைத் தேடி ஓடும். மனிதனும் தன் கால்களுக்கு ஏற்ற சரிவைத் தேடியே வழி அமைத்தான். பழங்காலப் பெருவழிகள் பலவும் ஆற்றங்கரைகளை ஒட்டி அமைந்ததற்கு இதுவே காரணம். வழியைக் குறிக்கத் தமிழில் நெறி, தடம், அதர், சுரம் எனப் பல சொற்கள் உள்ளன. அவற்றுள் அதர் கடத்தற்கரிய காட்டுவழியையும், சுரம் நீரற்ற பாலைவழியையும் நினைவூட்டுவன. வழியின் இயல்பை அறிந்தே பயணத்தைத் திட்டமிட வேண்டும் என்னும் உணர்வு இச்சொற்களிலேயே பொதிந்துள்ளது.

மிதிவண்டியில் செல்வோர் இவ்வுணர்வைத் தம் உடலாலேயே அறிவர். மகிழுந்தில் செல்பவருக்குத் தெரியாத சிறு மேடும் மிதிவண்டியில் செல்பவரின் தொடைத்தசைக்குத் தெரியும். காற்றின் திசை, மண்ணின் தன்மை, நிழலின் நீளம் ஆகிய அனைத்தும் அவருக்குச் செய்திகளே. மிதிவண்டிப் பயணத்தின் சுவையும் துன்பமும் இந்த நெருக்கத்திலிருந்தே பிறக்கின்றன. இளமையும் உடல்வலிமையும் உள்ளவரை சுவை மிகுதி. அவை குறையும்போது துன்பம் மிகுதி. ஐம்பது, அறுபது அகவையைக் கடந்தோர் பலர் தாம் விரும்பிய வழிகளைக் கைவிட்டதற்கு வழியின் எழில் குறைந்தது காரணமன்று. மேட்டைக் கடக்கும் ஆற்றல் குறைந்ததே காரணம். அந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே மின்மிதிவண்டி வந்தது.

விசை சேர்ந்த கதை

மிதிவண்டியில் மின்விசையைச் சேர்க்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்க நாட்டின் ஆக்டன் போல்டன் என்பவர் பின்சக்கரத்தின் நடுவே மின்மோட்டார் பொருத்திய மிதிவண்டிக்கு 1895ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆயினும், அக்கால மின்கலங்கள் எடை மிகுந்தவை. அவை தரும் ஆற்றலோ குறைவு. எனவே அவ்வெண்ணம் செயலுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

1993ஆம் ஆண்டில் ஜப்பானின் யமஹா நிறுவனம் புதிய அணுகுமுறையுடன் ஒரு மிதிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மோட்டார் தனித்து வண்டியை ஓட்டுவதில்லை. ஓட்டுபவர் மிதிக்கும் விசையை அளந்து, அதற்கேற்ற அளவில் துணைவிசையைச் சேர்த்தது. மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும். ‘மனிதனுக்கு மாற்றாக இயந்திரம்’ என்ற நிலை மாறி, ‘மனிதனுக்குத் துணையாக இயந்திரம்’ என்ற நிலை உருவாயிற்று. இன்று எழில்வழிகளில் ஓடும் மின்மிதிவண்டிகளுள் பெரும்பாலானவை இம்முறையைப் பின்பற்றுபவையே.

இத்தகைய வண்டியில் மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. முதலாவது, மிதிக்கும் விசையையும் வேகத்தையும் அறியும் உணரி. இரண்டாவது, சக்கரத்தின் நடுவிலோ மிதிகட்டைகளின் அச்சிலோ பொருத்தப்படும் மோட்டார். மூன்றாவது, லித்தியம் அயனி மின்கலத் தொகுதி. உணரி அறிந்ததைச் சிறிய கட்டுப்பாட்டுக் கருவி கணித்து, மோட்டாருக்கு எவ்வளவு மின்னோட்டம் செல்ல வேண்டும் என்பதை நொடிக்கு நொடி முடிவு செய்கிறது.

இத்துணைவிசைக்குச் சட்டங்கள் எல்லை வகுத்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டாரின் தொடர்திறன் 250 வாட்டிற்கு மிகாமலும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் துணைவிசை நிற்கும்படியும் இருந்தால்தான் அது மிதிவண்டியாகக் கருதப்படும். ஜப்பானில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் வரை, மனிதவிசை ஒரு பங்கு எனில் மோட்டார் இரண்டு பங்கு வரை துணைசெய்யலாம். அதன்பின் துணை படிப்படியாகக் குறைந்து, 24 கிலோமீட்டர் வேகத்தில் முற்றிலும் நின்றுவிடும். இவ்வெல்லைகளால்தான் மின்மிதிவண்டி மிதிவண்டிப் பாதைகளிலேயே செல்லும் உரிமையைப் பெற்றது.

தெரிந்து தெளிவோம்

*ஏற்றத்தின் கணக்கு*

ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 100 கிலோகிராம் எனக் கொள்வோம். நூற்றுக்கு மூன்று என்னும் சாய்வில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மேலேறுவதற்கு மட்டும் ஏறத்தாழ 82 வாட் திறன் தேவை. பயிற்சியற்ற ஒருவர் நெடுநேரம் தரக்கூடிய முழுத்திறனே ஏறக்குறைய இவ்வளவுதான். மோட்டார் இரண்டு பங்கும் மனிதர் ஒரு பங்கும் ஏற்றுக்கொண்டால், மனிதர் தரவேண்டியது 27 வாட் மட்டுமே.

அதே எடையை 100 மீட்டர் உயரத்திற்கு ஏற்றத் தேவைப்படும் ஆற்றல் 98,000 ஜூல். அஃதாவது ஏறத்தாழ 27 வாட்-மணி. 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி கொண்ட மின்கலத் தொகுதியில் 504 வாட்-மணி ஆற்றல் அடங்கும்.

ஆற்றோர வழி: டான்யூப்

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் பிறந்து, ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் ஓடி, கருங்கடலில் கலக்கும் ஆறு டான்யூப். அதன் கரையை ஒட்டிய மிதிவண்டிப் பாதைகளுள், ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா வரை செல்லும் பகுதி பெரும்புகழ் பெற்றது. இதன் நீளம் 300 கிலோமீட்டருக்கும் மிகுதி. பிரான்சின் அட்லாண்டிக் கடற்கரையில் தொடங்கிக் கருங்கடல் வரை பத்து நாடுகளை இணைக்கும் ‘யூரோவெலோ 6’ என்னும் நெடும்பாதையின் ஒரு பகுதியாகவும் இது விளங்குகிறது.

இப்பாதையின் பெரும்பகுதி சமதளமாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நீராவிக் கப்பல்கள் வருவதற்கு முன்னர், ஆற்றின் போக்கிற்கு எதிராகச் செல்லும் சரக்குப் படகுகளைக் குதிரைகள் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துச் சென்றன. அவை நடப்பதற்காகக் கரையை ஒட்டி அமைந்த தடங்களே பின்னாளில் மிதிவண்டிப் பாதைகளாயின. சுமை இழுத்த குதிரைகளின் வழியில் இன்று பயணப்பைகளைச் சுமந்த மிதிவண்டிகள் ஓடுகின்றன.

பாசாவில் டான்யூப், இன், இல்ஸ் என்னும் மூன்று ஆறுகள் கூடுகின்றன. இல்ஸ் கருமை படர்ந்த நீரையும் இன் மலைப்பனி உருகிய வெளிறிய பசுநீரையும் கொண்டுவருவதால், கூடும் இடத்தில் நீரின் நிறவேறுபாட்டைக் கண்ணால் காணலாம். அங்கிருந்து கிழக்கே சென்றால், சுலோகன் என்னும் இடத்தில் ஆறு காடடர்ந்த குன்றுகளுக்கிடையே கொண்டை ஊசிபோல் வளைந்து திரும்புகிறது. லின்ஸ் நகரைக் கடந்தபின், மவுத்தவுசன் என்னும் சிற்றூர் வருகிறது. அதன் குன்றின்மேல், நாசி ஆட்சிக்காலத்தின் வதைமுகாம் நினைவிடமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஆற்றங்கரையிலிருந்து அங்குச் செல்லும் வழி செங்குத்தானது. எழிலை மட்டும் நாடி வருவோர் கரையோடு சென்றுவிடலாம். வரலாற்றையும் அறிய விரும்புவோர் மேட்டில் ஏற வேண்டும். அவ்வேற்றத்தில் மின்விசை துணைநிற்கிறது.

மெல்க், கிரெம்ஸ் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட வாக்காவ் பள்ளத்தாக்கு இவ்வழியின் மணிமுடி எனலாம். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபிடமாக அறிவித்தது. சுண்ணச்சாந்து இல்லாமல் கற்களை அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களில் திராட்சைக் கொடிகள் படர்ந்துள்ளன. சமநிலத்தில் சர்க்கரைப் பாதாமி மரங்கள் நிரம்பிய தோட்டங்கள் உள்ளன. மெல்க் நகரின் பாறைமேல் பெனடிக்டின் துறவியர் மடம் பொன்னிறத்தில் ஒளிர்கிறது. வழியிலுள்ள வில்லன்டார்ஃப் என்னும் சிற்றூரில்தான், பழங்கற்காலத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற சிறிய பெண்ணுருவச் சிலை 1908ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. டூர்ன்ஸ்டைன் குன்றிலுள்ள பாழடைந்த கோட்டை, சிலுவைப்போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு சிறைவைக்கப்பட்ட இடமாகும்.

இங்கு ஸ்பிட்ஸ் என்னும் ஊரில் ஒரு படகுத்துறை உண்டு. அப்படகிற்கு எந்திரம் இல்லை. ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட வடத்தில் அது பிணைக்கப்பட்டிருக்கும். படகின் முகத்தைச் சற்றே திருப்பினால் நீரோட்டத்தின் விசையே அதை மறுகரைக்குத் தள்ளிச் செல்லும். இருக்கும் விசையை அறிந்து பயன்படுத்தும் அறிவுக்கு இஃது ஓர் எளிய சான்று.

சமதளமான இவ்வழியில் மின்விசைக்கு என்ன வேலை என்னும் வினா எழலாம். அதற்கு விடை காற்று. பள்ளத்தாக்கின் வழியே வீசும் எதிர்க்காற்று, மேட்டைவிடக் கொடிய தடையாகும். மேட்டிற்கு முடிவு உண்டு, ஏறியபின் இறக்கமும் உண்டு. எதிர்க்காற்றுக்கு அவ்வாறான ஈடு எதுவும் இல்லை. மேலைக்காற்று மிகுதியாக வீசுவதால் பயணிகளுள் பெரும்பாலோர் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்கின்றனர். காற்று திசைமாறும் நாள்களில், பயணப்பைகளுடன் செல்லும் மூத்தோருக்கு மின்விசையே கைகொடுக்கிறது.

கடல்மேல் வழி: சிமானமி கைடோ

டான்யூப் வழியின் இயல்பு சமதளம் என்றால், ஜப்பானின் சிமானமி கைடோ வழியின் இயல்பு ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வருவதாகும். ஹோன்ஷு தீவின் ஒனோமிச்சி நகரையும் ஷிகோகு தீவின் இமாபாரி நகரையும் இவ்வழி இணைக்கிறது. இடையே செத்தோ உள்நாட்டுக் கடலில் உள்ள முக்காய்சிமா, இன்னோசிமா, இக்குசிசிமா, ஓமிசிமா, ஹக்கத்தாசிமா, ஓசிமா என்னும் ஆறு தீவுகளை அது தொட்டுச் செல்கிறது. மிதிவண்டிப் பாதையின் நீளம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். தீவுகளை இணைக்கும் பாலங்கள் ஒவ்வொன்றாகக் கட்டப்பட்டு, 1999ஆம் ஆண்டில் வழி முழுமை பெற்றது.

ஒனோமிச்சியிலிருந்து புறப்படுவோர் முதலில் படகில் ஏறிச் சில நிமிடங்களில் முக்காய்சிமாவை அடைகின்றனர். அங்கிருந்து சாலையோரத்தில் வரையப்பட்ட நீலக்கோடு வழிகாட்டுகிறது. அறியாத ஊரில், அறியாத மொழியில், வழி கேட்கத் தயங்குபவரும் அக்கோட்டைப் பின்பற்றி மறுமுனையை அடைந்துவிடலாம்.

இவ்வழியில் உள்ள பாலங்கள் பொறியியலின் பல்வேறு வகைகளுக்குச் சான்றாகத் திகழ்கின்றன. 1983ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இன்னோசிமா பாலம் ஒரு தொங்குபாலம். அதில் உந்துகள் மேல்தளத்திலும் மிதிவண்டிகள் அதன் அடியில் அமைந்த தனிப்பாதையிலும் செல்கின்றன. 890 மீட்டர் நடுத்தாவு கொண்ட தத்தாரா பாலம், கோபுரங்களிலிருந்து சாய்ந்திறங்கும் வடங்களால் தாங்கப்படுவது. 1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது அவ்வகைப் பாலங்களுள் உலகிலேயே மிக நீண்ட தாவுடையதாக அது விளங்கியது. அதன் கோபுரத்தின் அடியில் நின்று கைதட்டினால், ஒலி சுவர்களுக்கிடையே மோதி மோதி மேலெழுவதைக் கேட்கலாம். வழியின் இறுதியில் மூன்று தொங்குபாலங்களைத் தொடராகக் கொண்ட குருசிமா நீரிணைப் பாலம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீள்கிறது. கீழே ஓதநீர் சுழித்தோட, கப்பல்கள் ஊர்ந்து செல்ல, மேலே மிதிவண்டி ஓடும் காட்சி காண்போரின் நெஞ்சை விட்டகலாதது.

கப்பல்கள் கடந்துசெல்வதற்காகக் குருசிமா பாலத்தின் அடியில் 65 மீட்டர் உயரம் விடப்பட்டுள்ளது. எனவே, பாலத்தை அடைய வேண்டுமெனில் அவ்வுயரத்திற்கு ஏறியாக வேண்டும். மிதிவண்டிகள் ஏறுவதற்கென அமைக்கப்பட்ட அணுகுபாதைகளின் சாய்வு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று என்ற அளவில் இருக்குமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. 65 மீட்டர் உயரத்தை இந்தச் சாய்வில் எட்ட 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளம் தேவை. அதனால்தான் பாதை மரங்களினூடே வளைந்து வளைந்து மேலேறுகிறது. நேராகவும் செங்குத்தாகவும் அமைத்திருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால், குழந்தையும் முதியவரும் ஏற இயலாத வழியாக அது நின்றிருக்கும். வழியை அமைத்தவர் காட்டிய பரிவு வண்டியின் மோட்டாருக்கு முன்பே அங்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

ஓர் ஏற்றம் எவருக்கும் எளிது. ஆனால், இவ்வழியில் தீவுக்குத் தீவு இறங்கி, பாலத்திற்குப் பாலம் ஏற வேண்டும். ஐந்தாவது ஏற்றத்தில் கால்கள் தளர்ந்துவிடும். மின்மிதிவண்டியின் பயன் இங்குத்தான் முழுமையாக விளங்கும். பாலமேறும் களைப்பு குறைவதால், பயணி தீவின் உட்பகுதிகளுக்குச் செல்லவும் துணிகிறார். இக்குசிசிமாவின் எலுமிச்சைத் தோப்புகளையும், ஓமிசிமாவின் பழம்பெரும் ஓயமாசுமி கோவிலையும் அங்கு நிற்கும் முதிய கற்பூர மரத்தையும் அவர் காண்கிறார். ஓசிமாவில் 300 மீட்டருக்கும் உயரமான கிரோ மலையின் காட்சிமேடையிலிருந்து, தான் கடக்கவிருக்கும் பாலம் முழுவதையும் ஒருசேரக் காண்கிறார். விசை சேமித்துத் தந்த வலிமை, காட்சியாக மாறுகிறது.

இருப்புப்பாதை வழி: ஒட்டாகோ

தென்கோளத்தில், நியூசிலாந்தின் தெற்குத்தீவில் மூன்றாவது வழி அமைந்துள்ளது. 1861ஆம் ஆண்டில் ஒட்டாகோ பகுதியில் பொன் கண்டுபிடிக்கப்பட்டதும் மக்கள் திரள் திரளாக அங்குக் குடியேறினர். பின்னர் அமைக்கப்பட்ட இருப்புப்பாதை 1907ஆம் ஆண்டில் கிளைடு என்னும் ஊரை எட்டியது. கம்பளி, ஆடுகள், பழங்கள் ஆகியன அதன்வழியே துறைமுகத்திற்குச் சென்றன. சாலைப் போக்குவரத்து வளர வளர இருப்புப்பாதையின் தேவை குறைந்து, 1990ஆம் ஆண்டில் மிடில்மார்ச்சிற்கு அப்பால் தொடர்வண்டிகள் நின்றன. தண்டவாளங்கள் அகற்றப்பட்டன.

தொடர்வண்டி நின்றதால் வழியோரச் சிற்றூர்களின் உயிரோட்டமும் குன்றியது. அந்நிலையில் நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அந்நிலப்பகுதியைப் பெற்றது. உள்ளூர் மக்கள் துணைநின்றனர். பாலங்களுக்குப் பலகைத்தளமும் கைப்பிடிகளும் அமைக்கப்பட்டன. கருங்கல் சல்லிகளின்மேல் மிதிவண்டிக்கேற்ற தளம் பரப்பப்பட்டது. கிளைடு முதல் மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர் நீளமுள்ள ஒட்டாகோ நடுப்பகுதி இருப்புப்பாதை வழி 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பழைய நிலையக் கட்டடங்களும் ஊர்ச் சத்திரங்களும் மீண்டும் விருந்தினரை வரவேற்றன. ஓர் இருப்புப்பாதையின் முடிவு ஒரு பகுதியின் முடிவாக மாறாமல் தடுத்தது இவ்வழியே.

இருப்புப்பாதையின் சாய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் எளிதில் வழுக்கும் ஆதலால், தொடர்வண்டிகள் செங்குத்தான மேட்டில் ஏற இயலாது. எனவே, ஐம்பதுக்கு ஒன்று என்னும் அளவைத் தாண்டாதவாறு பாதை அமைக்கப்பட்டது. மலையை வெட்டியும், பள்ளத்தை நிரப்பியும், குகைவழி குடைந்தும், பாலம் கட்டியும் தொழிலாளர்கள் அச்சாய்வைப் பேணினர். பூல்பர்ன் பள்ளத்தாக்கில் கல்லடுக்கி எழுப்பிய தூண்கள்மேல் நிற்கும் பாலமும், விளக்கின்றிக் கடக்க இயலாத இருண்ட குகைவழிகளும் அவர்களின் கையுழைப்பைக் காட்டுகின்றன. அவர்கள் தொடர்வண்டிக்காகச் செய்த வேலையின் பயனை இன்று மிதிவண்டி துய்க்கிறது.

இவ்வழியில் ஓட்டரேகுவா என்னும் சிற்றூர் அருகே ஹேய்ஸ் குடும்பத்தாரின் பழைய தொழிற்கூடம் காக்கப்பட்டுள்ளது. எர்னஸ்ட் ஹேய்ஸ் பண்ணைகளுக்கு வேண்டிய கருவிகளைச் செய்தார். அவற்றுக்கு விலைகேட்டு ஆணை பெற, அவருடைய மனைவி ஹன்னா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிதிவண்டியேறிக் கரடுமுரடான வழிகளில் பண்ணை பண்ணையாகச் சென்றார். சீரான பாதையும் இல்லை, துணைவிசையும் இல்லை. இன்று அதே நிலப்பரப்பில் மின்மிதிவண்டியில் செல்லும் ஒரு பெண்ணுக்கு, அவர் கடந்த தொலைவின் பெருமை விளங்காமல் போகாது.

ஒட்டாகோ வழியில் சாய்வு மெல்லியது. ஆனால் தொலைவு மிகுதி. நிழல்தரும் மரங்கள் குறைவு. கோடையில் வெயில் கடுமை, குளிர்காலத்தில் உறைபனி. ஊருக்கும் ஊருக்கும் இடையே நெடுவெளி. இங்கு மின்விசை மேட்டை வெல்வதற்காக அன்றி, பொழுது சாய்வதற்குள் அடுத்த ஊரை அடைவதற்கான உறுதியாக நிற்கிறது.

மூன்று வழிகள் உணர்த்துவன

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அவற்றுள் எதுவும் மின்மிதிவண்டிக்காக அமைக்கப்பட்டதன்று. ஒன்று குதிரைகளின் தடத்திலும் மற்றொன்று தொடர்வண்டியின் தடத்திலும் உருவானது; இன்னொன்று கடலைக் கடக்கும் பெருஞ்சாலையோடு பிறந்தது. மெல்லிய சாய்வு, உந்துகளிடமிருந்து விலகிய தடம், ஓய்வெடுக்க ஊர்கள், தெளிவான வழிகாட்டல் ஆகியவையே ஒரு வழியை எழில்வழியாக்குகின்றன. இவை இல்லாத சாலையில் எத்துணைச் சிறந்த மோட்டார் பொருத்தினாலும் பயணம் அச்சமாகவே முடியும். விசை வழியைப் படைப்பதில்லை. வழியைவிட்டு விலகியோரை மீண்டும் அதனிடம் அழைத்து வருகிறது.

இவ்வாறு மீள்வோருள் முதியோர், நோயிலிருந்து தேறியோர், உடல்வலிமை குறைந்தோர் எனப் பலர் உண்டு. வலிமை மிக்கவரும் மெலிந்தவரும் இணைந்து செல்லும்போது, ஒருவர் முன்னே காத்திருப்பதும் மற்றவர் பின்னே வருந்துவதும் முன்பு வழக்கம். மின்விசை அவ்விடைவெளியைக் குறைக்கிறது. தாத்தாவும் பேரனும் ஒரே பாலத்தில் ஒரே வேகத்தில் பேசிக்கொண்டே ஏறுவது இப்போது இயல்பாகிறது. ஆயினும் மிதிப்பதை நிறுத்தினால் துணைவிசையும் நின்றுவிடுவதால், உடலுழைப்பும் அதன் நலமும் பயணிக்கு எஞ்சுகின்றன.

எல்லையும் பொறுப்பும்

துணைவிசை சில பொறுப்புகளையும் உடன்கொண்டு வருகிறது. மின்மிதிவண்டியின் எடை பொதுவாக 20 கிலோகிராமுக்கு மேற்படுவது. ஏற்றத்தில் எடையை மோட்டார் சுமக்கும்; இறக்கத்தில் அதனை பிரேக்கே தாங்க வேண்டும். ஏறும்போது எளிதாயிற்று என்று இறங்கும்போது மெத்தனம் கொள்ளலாகாது. நடந்துசெல்வோரும் பயன்படுத்தும் தடங்களில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது அச்சுறுத்தும் வேகமே. அங்கு மணியொலித்து, வேகம் குறைத்து, முன்னுரிமை தந்து செல்வதே பண்பாடு.

மின்கலத்தின் ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதும் ஒரு திறன். மேடே மின்கலத்தைத் தீர்க்கிறது என்பது பலரின் எண்ணம். ஆனால், மேட்டில் செலவிட்ட ஆற்றலின் பயன் இறக்கத்தில் ஓரளவு திரும்பக் கிடைக்கிறது. காற்றின் தடையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவது. எனவே, வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே பயணத்தொலைவு கணிசமாக நீளும். கடுங்குளிரில் மின்கலம் தரும் ஆற்றல் குறையும் என்பதையும் பயணி நினைவிற்கொள்ள வேண்டும். மின்கலம் தீர்ந்தபின் எடை மிகுந்த வண்டியைத் தன் காலாலேயே மிதித்துச் செல்ல நேரும்.

எல்லாத் தடங்களும் எல்லா வண்டிகளுக்கும் உரியன அல்ல. முன்பு கால்வலிமை மிக்க சிலர் மட்டுமே எட்டிய காட்டின் உட்பகுதிகளை, மின்விசையால் பலர் எட்ட இயலும். அதனால் மண்ணரிப்பும் விலங்குகளின் அமைதிக்கு ஊறும் நேரலாம். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் மின்மிதிவண்டிகளை எத்தடத்தில் விடலாம் என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு, 2020ஆம் ஆண்டின் விதிகளின்படி அந்தந்தப் பூங்காவின் கண்காணிப்பாளருக்கு உரியது. தமிழ்நாட்டிலும் காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் இசைவின்றி நுழைவது குற்றமாகும். செல்ல இயலும் என்பதாலேயே செல்லலாம் என்பது ஆகாது. சில அதர்கள் விலங்குகளுக்கு உரியனவாகவே இருத்தல் வேண்டும்.

இந்தியாவில் 250 வாட்டிற்குக் குறைவான திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகமும் கொண்ட மின்கல இருசக்கர வண்டிகளுக்கு மோட்டார் வாகனப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே, மின்மிதிவண்டி பரவுவதற்குச் சட்டத்தடை பெரிதாக இல்லை. வண்டி செல்வதற்கேற்ற பாதுகாப்பான தடங்களே இனித் தேவை. ஆற்றங்கரைகளும் ஏரிக்கரைகளும் கால்வாய்க் கரைகளும் இயல்பாகவே மெல்லிய சாய்வுடையவை. அவற்றின் கரைகளைக் காத்து, நிழல்மரம் நட்டு, உந்துகளிடமிருந்து பிரித்தால், எழில்வழிகள் தொலைநாடுகளில் மட்டும் இருக்க வேண்டியதில்லை.

பழந்தமிழ்ப் புலவர்கள், பரிசில் பெற்றுத் திரும்புவோர் எதிர்ப்படும் வறியோர்க்கு வழிகாட்டுவதாகப் பாடல் அமைத்தனர். எங்கு மேடு, எங்கு நீர், எங்கு விருந்து என்பதை முன்சென்றவர் பின்வருபவருக்கு உரைத்தார். வழி தனியொருவர் சொத்தன்று; சென்றவர் செல்லாதவருக்குத் திறந்துவைக்க வேண்டிய வாயில் என்பதே அதன் உட்கருத்து. மின்மிதிவண்டி செய்வதும் இதுவே. ஏற இயலாது என்று மேட்டின் அடியில் நின்றுவிட்டவரை அது மேலே அழைக்கிறது. அவர் ஏறிவரத் தக்க வழியைச் சமைத்துவைப்பது, வலிமையுடையோரின் கடமையாகும்.

தெரியுமா?

பத்துப்பாட்டு நூல்களுள் ஐந்து ஆற்றுப்படை நூல்களாகும். அவை: திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை. கூத்தராற்றுப்படைக்கு மலைபடுகடாம் என்பது மற்றொரு பெயர்.

கற்பவை கற்றபின்

1. உம் ஊரிலுள்ள ஆற்றங்கரை, ஏரிக்கரை அல்லது கால்வாய்க் கரையில் மிதிவண்டி வழி அமைப்பதற்கான திட்டம் ஒன்றை வரைபடத்துடன் உருவாக்குக. நிழல், குடிநீர், ஓய்விடம், பாதுகாப்பு ஆகியவற்றைக் குறிப்பிடுக.

2. பள்ளிக்குச் செல்லும் வழியில் உள்ள மேடு, பள்ளம், காற்று, நிழல் ஆகியவற்றை ஒரு வாரம் உற்றுநோக்கி, ‘என் வழி’ என்னும் தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.

3. ‘இயந்திரம் மனிதனுக்கு மாற்றா? துணையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. வழியைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருள் வேறுபாட்டை அட்டவணைப்படுத்துக.

5. உம் குடும்பத்திலுள்ள முதியவர் ஒருவரிடம், அவர் முன்பு மிதிவண்டியில் சென்ற நெடும்பயணத்தைக் கேட்டறிந்து, ஆற்றுப்படை அமைப்பில் உரைநடையாக எழுதுக.